ஏன் நிறுத்தினீர்கள்?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு உன் வாலு எழுதுவது.

நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் மாமாவும் சௌக்கியம்தானே? போனில் கேட்டால் "ம்" என்கிறாய், "சரி" என்கிறாய், அதற்குள் அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். போன தடவை, "லெட்டர் போடுடா, வீட்டுக்கு வேணாம், கடை அட்ரஸுக்குப் போடு" என்றாய். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்? ஸ்டாம்ப் வாங்கப் போனேன். கொடுத்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாருக்கு?" என்று கண்ணடித்தார். அக்காவுக்கு என்றதும் முகம் தொங்கிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர். அறைக்கு வந்தால் படம், படம், படம். போன மாதம் ஒரு விடுமுறை நாள் முழுக்க அப்படியே போனது. என்னடா பார்த்தோம் என்று யோசித்தால் ஒன்றுமே ஞாபகமில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. என் அறைத்தோழனுக்கு கம்ப்யூட்டர் வேலை. அவன் காலைப் பிடித்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, பழைய லேப்டாப் ஒன்றில் நானே ஓர் ஆப் செய்திருக்கிறேன். பெயர் கணக்குப்பிள்ளை. என்ன படம் பார்த்தோம், என்ன பாட்டுக் கேட்டோம், எதுவரை என்று, போனில் ஓட்டினாலும் டிவியில் போட்டாலும், குறித்து வைக்கும். பாதியில் விட்டால் மட்டும் ஒரு கேள்வி கேட்கும்: ஏன் நிறுத்தினீர்கள்? விடை நான்கு. தூக்கம் வந்தது, வேலை வந்தது, கரண்ட் போனது, சலித்துவிட்டது. ஒன்றை அழுத்தினால் போதும்.

"எழுதுனவன்தான் மொதல்ல டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்" என்பான் என் தோழன். பார்த்தேன். நான் பார்த்ததில் முக்கால்வாசி அடிதடி. ஒருவன் இன்னொருவனைப் போட்டு மிதிப்பதைப் பார்த்தே வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

எனக்கு அடுத்தபடியாக நீதான் உபயோகிக்க வேண்டும். லிங்க் அனுப்பியிருக்கிறேன். ஈமெயில் முகவரிகூட நீ தட்ட வேண்டாம், போனில் இருப்பதை அதுவே எடுத்துக்கொள்ளும். அதைச் செய்து முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கொஞ்சம் பாராட்டி எழுது.

மாமாவுக்கு என் வணக்கம். பதில் போடு.

உன் வாலு


ஜனவரி 27

வாலுப் பயலுக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கு அனைவரும் நலம். உயரத்தில் வேலை பார்க்கும்போது பெல்ட் போட மறக்காதே.

உன் பிள்ளையைக் கடையில் வைத்துத்தான் போனில் ஏற்றினேன். நான் பின்கட்டில் லென்ஸ் அரைப்பேன் என்பது உனக்குத் தெரியும். அரைத்த லென்ஸை ஃபிரேமில் பொருத்துபவர் என் பக்கத்து மேஜை. எல்லாரும் அவரை ஃபிரேம் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். உன் ஆப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் எறும்பு சைஸ்ல இருக்கே, நம்ம கடைக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறானா உன் தம்பி?" என்றார். எழுத்தைப் பெரிதாக்கு.

மற்றபடி நன்றாக இருக்கிறது. பாராட்டிவிட்டேன், போதுமா? ஒரு படம் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு பெண் பெட்டியோடு படகுத்துறையில் நிற்கிறாள். படகு வருகிறது. ஏறினாளா இல்லையா என்று தெரியவில்லை, அந்த இடத்துக்கு மேல் இன்னும் போக முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நான்கு விடை போதாது. ஐந்தாவதாக 'வேறொருவர் அணைத்தார்' என்று ஒன்று சேர். எனக்கு அடிக்கடி தேவைப்படுவது அதுதான்.

வீட்டில் புது டிவி. பழையது கீழே விழுந்துவிட்டது. இதைச் சுவரோடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள், விழாது. மாலையில் போன் செய்யாதே. கடிதமே போடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 12

என் முதல் வாடிக்கையாளருக்கு வணக்கம்.

நலம், நலமே விழைகிறேன். எழுத்தைப் பூசணிக்காய் சைஸுக்குப் பெரிதாக்கிவிட்டேன். ஐந்தாவது விடையும் சேர்த்தாயிற்று. மாமா ரிமோட்டைக் கையை விட்டு இறக்க மாட்டார் போலிருக்கிறதே? கல்யாணத்தில் பார்த்தபோது அவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருந்தார். கிடங்கில் இத்தனை பேரை மேய்க்கிறவர், வீட்டுக்கு வந்தால் டிவியையாவது மேய்க்கட்டும், விடு.

இங்கே ஒரு கூத்து. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்ட ஆசாமி ஒருவன், வெளியே வந்ததும் வாசலில் இருந்த காவலாளியைப் பளார் என்று அறைந்தான். அப்பா வயது அவருக்கு. எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினேன். மண்டை சுவரில் மோதிய சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டிருக்கும். மூக்கிலிருந்து ரத்தம். கம்பெனியில் என்னை எச்சரித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். ஆனால் அக்கா, அன்றைக்குச் சாப்பாடு இறங்கின மாதிரி என்றைக்கும் இறங்கியதில்லை.

நீயும் ஒரு நல்ல சண்டைப் படம் பார். அறை விழும்போது தியேட்டரே அதிரும். உடம்பில் இருக்கிற சோம்பல் எல்லாம் போய்விடும்.

பெட்டிக்காரி படகில் ஏறினாளா?

வாலு


மார்ச் 8

தம்பிக்கு ஆசிகள்.

நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் பல்வலி. கன்னம் வீங்கிக் கடைக்குக்கூட ஒரு வாரம் போகவில்லை. இப்போது வடிந்துவிட்டது.

நீ அந்த ஆளை அடித்ததை நான்கு தடவை படித்தேன். காவலாளிக்காகத்தான் அடித்தாய், புரிகிறது. சாப்பாடு இறங்கியது என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சண்டைப் படம் எனக்கு வேண்டாம். அதில் வரும் சத்தமெல்லாம் பொய். நிஜத்தில் அறை விழுந்தால் பட்டாசு மாதிரி வெடிக்காது. வெளியே ஒன்றுமே கேட்காது, பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். சத்தமெல்லாம் உள்ளேதான், காதுக்குள் விசில் ஊதியது போல. அது நிற்க இரண்டு நாள் ஆகும். விழுந்தவன் உடனே எழுந்து வசனம் பேச மாட்டான். தன் பல்லை நாக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்ப்பான். ஃபிரேம் அக்காவுக்குத் தெரிந்த யாரோ சொன்னார்கள்.

பேருந்தில் பாட்டுக் கேட்கிறேன். அதையெல்லாம் முழுசாகக் கேட்க முடிகிறது. கணக்குப்பிள்ளையிடம் பார்த்தால் தெரியும். படம்தான் இன்னும் படகுத்துறையிலேயே நிற்கிறது.

கோபத்தைக் குறை. எனக்கு இருப்பது நீ ஒருவன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

பல்வலி தேவலையா? சொத்தை என்றால் பிடுங்கிப் போட்டுவிடு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய். நான் நலம்.

இந்தக் கடிதம் சந்தோஷச் சமாச்சாரம். கணக்குப்பிள்ளை இனிமேல் பேசவும் செய்வான்! ஒவ்வொரு ஞாயிறு காலையும் அந்த வாரத்துக் கணக்கை அழகாக எழுதி ஈமெயிலில் அனுப்புவான். வெறும் எண்களாகப் போட்டால் யார் படிப்பார்கள்? அதனால் கொஞ்சம் நையாண்டி சேர்த்திருக்கிறேன். எனக்கு வந்த முதல் கணக்கு: "இந்த வாரமும் நீங்கள் அடிதடிதான். உங்கள் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது." என் தோழன் விழுந்து விழுந்து சிரித்தான்.

உனக்காகத் தனியாக ஒன்று எழுதினேன். பாதிக்கு மேல் 'வேறொருவர் அணைத்தார்' என்று வந்தால் இப்படிப் போகும்: "உங்கள் வீட்டில் ஒரு சர்வாதிகாரி இருக்கிறார். அணைத்துக்கொண்டே இருக்கும் அந்த வேறொருவருக்குக் கணக்குப்பிள்ளையின் வன்மையான கண்டனம்!" எப்படி? நீயும் மாமாவும் சேர்ந்து படித்துச் சிரியுங்கள். வரும் ஞாயிறு முதல் வரும். என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

உன் நிபுணன்,
வாலு


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். நலம்தானே? ஏன் பதில் இல்லை? மாலையில் கூப்பிடாதே என்றாய், பொறுக்க முடியாமல் நேற்றுக் கூப்பிட்டுவிட்டேன். மாமா எடுத்தார். "அவ தூங்குறாப்பா. ஒடம்பு கொஞ்சம் சரியில்ல. உன் ஆப்பு பிரமாதம்ப்பா. கண்டனமெல்லாம் தெரிவிச்சிருக்கியே!" என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ரசித்துவிட்டார் என்றால் இனி எனக்கு என்ன வேண்டும்?

ஆனால் போன ஞாயிறு உன் பெயரில் போன கணக்கில் ஒரு பாட்டுக்கூட இல்லை. பேருந்தில் கேட்பாயே. கடைக்குப் போகவில்லையா? மறுபடி பல்லா?

இரண்டு வரி போடு, போதும்.

வாலு


ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஆசிகள். அனைவரும் நலம்.

எழுத்துக் கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். லென்ஸ் அரைக்கும் மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரலில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறது. வலி குறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு அனுப்புவதை நிறுத்திவிடு. இந்த போன் உன் மாமா வாங்கிக் கொடுத்தது, அதில் இருப்பது அவருடைய ஈமெயில். உன் கணக்கு அவருக்குத்தான் போகிறது. அவர் படித்தார். நீ நினைத்த மாதிரி சிரிக்கவில்லை.

உன் மேல் தப்பில்லை. நீ வருந்தாதே. உடனே நிறுத்து, அது போதும்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை.

நான் பதினோரு வருஷமாகக் கதவு வேலை பார்க்கிறவன். லிஃப்ட் கதவில் கைவைத்து நசுங்கியவர்களை நானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். உன் மெஷினையும் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது கல். விரல் பட்டால் தோலை உரிக்கும், நகத்தைத் தேய்க்கும். எலும்பை முறிக்காது. மூன்று விரல் ஒன்றாக முறிய வேண்டுமானால் கதவு வேண்டும். கதவை யாராவது சாத்த வேண்டும்.

பல்வலி. விழுந்த டிவி. காதுக்குள் விசில். வேறொருவர் அணைத்தார். எல்லாவற்றையும் என்னிடம் நீ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் எழுத்தைப் பூசணிக்காயாக்கிக்கொண்டிருந்தேன். அந்த நையாண்டியை நான்தான் அவன் கைக்கு அனுப்பினேன். அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கணக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்புகிறேன். பெரிய ஸ்பேனர் பையில் இருக்கிறது. எந்தக் கையால் கதவைச் சாத்தினானோ அந்தக் கை அவனுக்கு இனி உதவாது. அவன் அலறுவதை நீ கேட்க வேண்டும். போனை அணைத்துவிட்டேன். எவனும் என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். நீகூட.

வாலு


ஏப்ரல் 29

தம்பி,

இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். வெள்ளிக்கு முன்னால் உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். கடை போனிலிருந்து காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அணைத்தே வைத்திருக்கிறாய்.

வராதே. நான் அந்த வீட்டில் இல்லை. இன்று காலை வேலைக்குப் போவதுபோல் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டப்பாவில் சாப்பாடு இல்லை, என் சான்றிதழ்கள்தான் இருந்தன. ஃபிரேம் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. இதற்கு நான் ஒன்றரை மாதமாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லாததற்கு உன் கோபம்தான் காரணம்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. பழைய டிவி தானாக விழவில்லை, என் மேல் வந்து விழுந்தது. பல்லில் வலி இல்லை, பல்லே போய்விட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அவன் போனை என்னிடம் நீட்டி, "சத்தமாப் படி" என்றான். படித்தேன். "திரும்பப் படி." நீ எழுதிய கண்டனத்தை ஏழெட்டுத் தடவை படிக்க வைத்தான். குரல் நடுங்கும்போதெல்லாம் முதலிலிருந்து. பிறகு நிதானமாக, "எந்த வெரலால அழுத்துன?" என்று கேட்டான். டிவி சத்தத்தைக் கூட்டினான். என் கையைப் பிடித்துக் குளியலறைக் கதவுக்கு அழைத்துப்போனான், குழந்தையைக் கூட்டிப்போவது போல. கீல் பக்கம் விரல்களை வைத்துவிட்டுத் தோளால் கதவைத் தள்ளினான். முறியும் வரை தள்ளினான். பிறகு போய் உட்கார்ந்து டிவி பார்த்தான்.

எக்ஸ்ரே எடுத்த டாக்டர் நீ சொன்னதையேதான் சொன்னார், மெஷின் இல்லை, கதவு என்று. அதை எழுதியும் கொடுத்திருக்கிறார். போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. வக்கீல் அம்மா ஒருவர், கண்ணாடி மாற்ற வந்தவர், வழக்கை எடுத்துக்கொண்டார். அவன் உள்ளே போவான் என்கிறார்.

அதனால் கேள். நீ வந்து அவனை அடித்தால் அவன் அடிபட்டவன் ஆகிவிடுவான். இப்போது அந்த இடத்தில் நான் இருக்கிறேன். பல்லையும் விரலையும் கொடுத்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். அதைத் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிடாதே. உன் காலில் விழுகிறேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போ.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

நலம் என்று எழுத இங்கே கூச்சமாக இருக்கிறது. உயிரோடு இருக்கிறேன். உன் கை எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை என் அறைத்தோழன் போன வாரம்தான் கொண்டுவந்து கொடுத்தான். அவன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பூட்டின அறையின் கதவுக்கு அடியில் கிடந்ததாம். வெள்ளி வரை என்னால் பொறுக்க முடியவில்லை, அக்கா. புதன்கிழமையே கிளம்பிவிட்டேன்.

நேராக உன் கடைக்கு வந்திருக்கலாம். வீட்டுக்குத்தான் போனேன். அவன் கதவைத் திறந்து, "வாப்பா, சாப்டியா?" என்றான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நீ எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ வீட்டை விட்டுப் போய்விட்டாய் என்று தெரிந்திருக்கும். அவன் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அதே கதவு. கீல் பக்கத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்ததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அந்த இடத்திலேயே அவன் கையை வைத்தேன். ஒரே தள்ளு. அதோடு நிறுத்தியிருந்தாலும் தேவலை. ஸ்பேனரை எடுத்தேன். தாடை. தோள். அப்புறம் முகம். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை எண்ணவில்லை. அவன் எப்போதோ அசைவதை நிறுத்திவிட்டான், நான் நிறுத்தவில்லை. டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

நீ சொன்னது சரி. வெளியே ஒரு சத்தமும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நானேதான் வெளியே போய் ஆளைக் கூப்பிட்டேன்.

அவனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று இங்கே சொன்னார்கள். எனக்கு எத்தனை வருஷம் என்பது தீர்ப்பில்தான் தெரியும். கூடத்தில் ஒரு டிவி இருக்கிறது. படம் சூடுபிடிக்கும் நேரத்தில் காவலர் வந்து அணைத்துவிடுவார். முதல் நாள் எல்லாரும் கத்தினார்கள், நான் எழுந்து மூலைக்குப் போய்விட்டேன்.

உனக்காகத்தான் செய்தேன். ஒரு வார்த்தை எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

வாலு


ஆகஸ்ட் 30

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம். நீ சாப்பிடுகிறாயா? அங்கே யாரிடமும் வம்புக்குப் போகாமல் இருக்கிறாயா?

இரண்டரை மாதம் பதில் போடவில்லை. கைவலி காரணமில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உன் மேல் வந்த கோபத்தில் பேனா நகரவில்லை. திட்டியாவது எழுது என்றாயே, எழுதுகிறேன்.

உனக்காகச் செய்தேன் என்று இனி ஒருபோதும் சொல்லாதே. நான் அங்கே இல்லவே இல்லை. நான் இல்லாத வீட்டில் நீ உனக்காகச் செய்தாய். அவன் என் கையைக் கதவில் வைத்ததை உனக்கு நான் எழுதியிருக்கிறேன். நீ அவன் கையை வைத்ததை எனக்கு நீ எழுதியிருக்கிறாய். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பெயரை எடுத்துவிட்டால் எது யார் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்குத்தான் வாந்தி எடுத்தேன். விரல் முறிந்த அன்றுகூட நான் வாந்தி எடுக்கவில்லை.

வழக்கு நடக்கிறது. அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருவர் தோளைப் பிடித்தபடி வருகிறான். எல்லாரும் எழுந்து இடம் விடுகிறார்கள். நான்தான் ஆளை ஏவிவிட்டேன் என்கிறார் அவன் வக்கீல். என் எக்ஸ்ரேயை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. நான் நின்ற இடத்தில் இப்போது அவன் நிற்கிறான். என் வக்கீல் அம்மா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு போராடுகிறார். நானும் விடுவதாக இல்லை. பார்வை குறைந்த கண்ணுக்கு லென்ஸ் அரைக்கத் தெரிந்தவள் நான். இல்லாத கண்ணுக்கு எதை அரைக்க?

மோதிர விரல் மடங்குவதில்லை. அரைக்கும் வேலைக்கு லாயக்கில்லை என்று முன்பக்கம் கண் அளவு பார்க்க வைத்திருக்கிறார்கள். "இது தெளிவா, அது தெளிவா" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

திட்டி முடித்துவிட்டேன். அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். அழக் கூடாது, இருவரும்.

இன்னொரு விஷயம். ஃபிரேம் அக்கா தன் பழைய போனைக் கொடுத்தார். கணக்குப்பிள்ளையை மறுபடி ஏற்றினேன். ஈமெயில் கேட்ட இடத்தில், இந்தத் தடவை என்னுடையதை நானே தட்டினேன். போன ஞாயிறு மதியம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை முதலிலிருந்து போட்டேன். படகுத்துறை வந்தது. எனக்குப் பழக்கதோஷம், கதவைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. படகு வந்தது. அவள் ஏறிவிட்டாள், தம்பி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அழுதேன்.

அதற்குப் பிறகும் படம் இருந்தது. கரையில் ஒருவன் கட்டையை எடுத்துக்கொண்டு, அவளைத் துன்புறுத்தியவன் வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். பின்னால் மேளம் முழங்கியது. நான் அணைத்துவிட்டேன்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று உன் பிள்ளை கேட்டான். தூக்கம் வரவில்லை, வேலை வரவில்லை, கரண்ட் போகவில்லை, சலிக்கவில்லை, வேறொருவர் அணைக்கவும் இல்லை. ஐந்தும் பொருந்தவில்லை. நீ வெளியே வந்ததும் ஆறாவதாக ஒன்று சேர்: நானே நிறுத்தினேன்.

எழுதினவன்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று உன் தோழன் சொல்வதாக எழுதியிருந்தாய். அங்கேயே ஆரம்பி.

அக்கா